ஹாண்டிலை மட்டும் மாத்தேலாது

அம்மப்பாவின் றலி சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனது 2022 ஆடி மாதம். பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த காலம். எங்கட மோட்டார் சைக்கிள் எண்ணெய் இல்லாமல் சாய்ப்புக்குள் நிண்டது. அதே சாய்ப்பின் மூலையில், உரப்பைகளுக்குப் பின்னால், வருசக்கணக்காகச் சாத்திக் கிடந்த றலியைத்தான் கடைசியில் வெளியில் எடுத்தோம். ரயர் இரண்டும் வெடிச்சுப் போயிருந்தது. சீற்றில் தோல் இல்லை. அதைவிட, ஹாண்டிலின் இடப்பக்கம் கீழே இறங்கி வளைஞ்சிருந்தது.

என்னுடைய திட்டம் சின்னது. இந்தப் பழைய ஹாண்டிலைக் கழற்றி எறிஞ்சுபோட்டு, மவுண்டன் சைக்கிளுக்கு வருகிற நேர் ஹாண்டில் ஒன்றைப் போடுவது. யூரியூப்பில் பார்த்திருந்தேன். ஒரு நட்டைத் தளர்த்துகிறார்கள், ஒரு தட்டுத் தட்டுகிறார்கள், ஹாண்டில் கையோடு வருகிறது. பத்து நிமிச வேலை.

கடைக்கார ஐயா சைக்கிளைச் சுத்தி ஒருக்கா நடந்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை, உதில ஹாண்டிலை மட்டும் மாத்தேலாது."

குனிஞ்சு, வளைஞ்ச பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். பிடிக்கு உள்பக்கமாக, இரும்பு ஓரிடத்தில் தேஞ்சு மினுங்கிக்கொண்டிருந்தது. "உது ஓடின சைக்கிள் இல்லை. தள்ளின சைக்கிள்."

அவர் சொன்ன முதலாவது வசனம் இயந்திரத்தைப் பற்றியது. இரண்டாவது எங்கட வரலாற்றைப் பற்றியது. ஒன்றை விளங்காமல் மற்றது விளங்காது என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிஞ்சது.

வடக்கு வீதி ஹாண்டில்

முதலில் இயந்திரம்.

எங்கட தாத்தாமார் வைத்திருந்த அந்தக் கறுப்புச் சைக்கிளை எல்லாரும் ஒருக்காவாவது பார்த்திருப்பீர்கள். 28 அங்குலச் சில்லு, உயரமான பார், செயினை முழுக்க மூடுகிற பெட்டி, ஏறக்குறைய 20 கிலோ பாரம். இங்கிலாந்தின் நொற்றிங்ஹாம் நகரத்தில் 1880களின் கடைசியில் தொடங்கிய றலி நிறுவனம் இந்த வகைச் சைக்கிளை 'டூரிஸ்ற்' என்ற பெயரிலும் விற்றது. பயணக்காரனின் சைக்கிள் என்று கருத்து. ஹம்பர், றட்ஜ், ஹேர்குலிஸ் என்று வேறு பெயர்களில் வந்தவையும் கிட்டத்தட்ட இதே உருவம்தான். பிறகு இந்தியாவில் அம்பத்தூரிலும் அசன்சோலிலும் தொழிற்சாலைகள் வந்தபோதும் உருவம் பெரிசாக மாறவில்லை.

இந்தச் சைக்கிளின் ஹாண்டில் முன்னுக்குப் போய், அகண்டு, ஓடுபவரைப் பார்த்துப் பின்னுக்கு வளையும். பிடி இரண்டும் இடுப்பின் இரண்டு பக்கமும் வந்து நிற்கும். முதுகு நிமிர்ந்திருக்கும். இதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயரின் கருத்து 'வடக்கு வீதி'. லண்டனிலிருந்து வடக்கே எடின்பரோ நோக்கிப் போகிற பெருந்தெருவின் பெயரில் 1885 இல் ஒரு சைக்கிள் கழகம் தொடங்கினார்கள். ஹாண்டிலின் பெயர் அந்தக் கழகத்திலிருந்து வந்தது. நீண்டதூரம் ஓடுபவர்களின் கழகம் அது. அந்த ஹாண்டில் பிறகு இன்னொரு வடக்கு வீதியில், எங்கட ஏ9 இல், வேறு வேலைக்கு வந்தது.

சரி, ஏன் மாத்தேலாது?

இந்தச் சைக்கிளின் பிரேக்குக்கு வயர் கிடையாது. இரும்புக் கம்பிகள்தான். பிரேக் பிடி ஹாண்டிலோடு சேர்ந்தே இருக்கும். பிடியை அமத்தினால் கம்பி மேலே இழுபடும், அந்தக் கம்பி றிம்மின் உள்பக்கத்தில் இருக்கிற கட்டைகளை மேலே இழுத்து றிம்மோடு ஒட்டவைக்கும். ஹாண்டிலும் அதைத் தாங்கி நிற்கிற தண்டும் ஒரே துண்டாக ஒட்டப்பட்டவை. ஆகவே ஹாண்டில் போனால் தண்டு போகும், பிரேக் போகும்.

அப்ப வயர் பிரேக் போடலாம்தானே என்று கேட்டேன். ஐயா றிம்மைக் காட்டினார். வயர் பிரேக்கின் கட்டை றிம்மைப் பக்கவாட்டில் பிடிக்கும். அதற்குத் தட்டையான பக்கம் வேணும். இந்தப் பழைய றிம்மின் ஓரம் உருண்டையானது. கட்டை வழுக்கும், பிரேக் பத்தாது. ஆகவே றிம்மையும் மாத்தவேணும். றிம் மாறினால் கம்பி மாறும், ரயர் மாறும். நேர் ஹாண்டில் போட்டால் உடம்பு முன்னுக்குச் சாயும், அப்ப சீற்றும் சரிவராது.

"கடைசியில பாரும், பெல்லும் மிஞ்சும்" எண்டார். எங்கட சைக்கிளில் பெல்லும் இல்லை.

காடு வெட்டினவர்களின் வண்டி

இந்தச் சைக்கிள் வன்னிக்கு வந்த கதை, வன்னிக்கு ஆட்கள் வந்த கதையோடு சேர்ந்தது.

இரணைமடுக் குளத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கட்டினார்கள். அதன் நீரை நம்பி 1930களின் நடுப்பகுதியில் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காணி இல்லாதவர்களும் வேலை இல்லாதவர்களும் காடு வெட்ட வந்தார்கள். 1950களிலிருந்து அடுத்தடுத்த திட்டங்கள் வந்தன. வட்டக்கச்சி, தர்மபுரம், விசுவமடு, முத்தையன்கட்டு என்று ஊர்கள் உருவாகின.

இந்த ஊர்களின் வரைபடத்தை ஒருக்கா யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கைக்குள் ஐம்பது வீடு. இங்கே ஒருவருக்கு ஏக்கர் கணக்கில் காணி. பக்கத்து வீடே கூப்பிடு தூரத்தில் இல்லை. வயல் ஒரு பக்கம், வாய்க்கால் ஒரு பக்கம், கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் மைல் கணக்கில். பஸ் பெரிய றோட்டால்தான் போகும். அந்தப் பெரிய றோட்டுக்கு வருவதற்கே ஒரு வண்டி வேணும். மாட்டு வண்டில் பாரத்துக்கு. ஆளுக்குச் சைக்கிள்.

அம்மப்பா 1960களில் வந்தவர். அவர் றலியை வாங்கினது பழசாகத்தான், யாழ்ப்பாணத்தில், இன்னொருவரிடம். வயலுக்குப் போகும்போது மண்வெட்டி பாரோடு கட்டப்பட்டிருக்கும். வரும்போது கரியரில் புல்லுக்கட்டு. ஹாண்டிலில் சாப்பாட்டுப் பை. அந்த அகண்ட ஹாண்டில் இல்லாவிட்டால் குளக்கட்டின் கிரவலில் பாரத்தோடு ஓடேலாது. ஹாண்டில் அகலமாக இருந்தால், சில்லு பள்ளத்தில் விழும்போது கையால் இழுத்து நிமிர்த்தப் பலம் கிடைக்கும். கிரவல் றோட்டுக்கு இது பெரிய விசயம்.

1970 இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது நிண்டது. வன்னியின் விவசாயிகள் காசு கண்ட காலம் அது. மிளகாய் விலை ஏறி, கல்வீடு கட்டினவர்களும் உழவு இயந்திரம் எடுத்தவர்களும் உண்டு. ஆனால் அதே இறுக்கம் மற்ற இறக்குமதிச் சாமான்களையும் அருமையாக்கியது. ஒரு சைக்கிளை ஒட்டியும் திருத்தியும் வைத்திருப்பது அந்தத் தலைமுறைக்குப் பழகிப்போன கைவேலை. 1977 இல் பொருளாதாரம் திறபட்டது. புதுச் சைக்கிள்கள் வந்தன, மிளகாயின் விலை விழுந்தது. ஒரே கதவால் இரண்டும் நடந்தது.

அந்தக் காலத்து இளசுகளுக்கு ஆசை ரேசிங் சைக்கிளில். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரிக் கீழே சுருண்ட ஹாண்டில். குனிஞ்சு ஓடவேணும். மாமா ஒருவர் அம்மப்பாவின் றலிக்கு அந்த ஹாண்டில் போடக் கேட்டு ஏச்சு வாங்கினதாக அம்மா சொல்லுவா. ஆகவே ஹாண்டில் மாத்தக் கேட்ட முதல் ஆள் நான் இல்லை.

தள்ளின சைக்கிள்

இனி ஐயாவின் இரண்டாவது வசனத்துக்கு வருவோம்.

1990 ஆனியில் போர் திரும்பத் தொடங்கியது. வடக்குக்கு மின்சாரம் நிண்டது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீளமான பட்டியலில் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள்களைப் பற்றி உங்கட வீட்டிலும் கதைத்திருப்பார்கள். அந்த மண்ணெண்ணெயும் போத்தல் கணக்கில்தான். மிஞ்சினது சைக்கிள். எண்ணெய் கேளாத ஒரே வண்டி.

ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. சங்குப்பிட்டிப் பாதையும் இல்லாமல் போனது. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் போய்வர முதலில் கொம்படி, ஊரியான் வழியாகத் தண்ணிக்குள் இறங்கி நடந்தார்கள். பிறகு கிளாலிக் கடல்நீரேரியில் இரவில் வள்ளம். அந்த வள்ளங்களில் ஆட்களோடு சைக்கிளும் ஏறியது. கரை இறங்கினதும் பாரத்தைக் கட்டி உழக்க வேணுமே.

1995 ஐப்பசி 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. ஒரே இரவில் லட்சக்கணக்கான சனம் தென்மராட்சி பக்கம் நகர்ந்தது. அதில் கனபேர் பிறகு கிளாலி தாண்டி வன்னிக்கு வந்தார்கள். 1996 ஆடியில் 'சத்ஜெய' நடவடிக்கை தொடங்கி, புரட்டாதியில் கிளிநொச்சி இராணுவத்தின் கையில் போனது. நகரம் அப்படியே பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று பரவியது. 1997 வைகாசியில் வவுனியாவிலிருந்து ஏ9 ஐப் பிடிக்க 'ஜெயசிக்குறு' தொடங்கியது. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் ஒவ்வொன்றாகக் காலியாகின.

இந்த இடத்தில்தான் எங்கட றலியின் ஹாண்டில் வளைஞ்சது.

அம்மா அப்ப பதினாறு வயசு. வீடு கிளிநொச்சிக்குக் கிழக்கே இருந்தது, இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் ஒரு உறவினரின் காணிக்குள் கொட்டில். அம்மப்பாவுக்கு வயல் இல்லை. விறகு வெட்டி வித்தார். காட்டிலிருந்து ஸ்கந்தபுரச் சந்திக்கு றலியில் விறகு வரும். கரியரின் இரண்டு பக்கமும், பாரின் நடுவிலும் கட்டு. ஏறி உழக்க இடமே இல்லை. தள்ளித்தான் கொண்டுவரவேணும்.

தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரச்சினை பாரம் இல்லை, திசை. சைக்கிளின் இடப்பக்கமாக நடக்கிறோம். இடக்கை ஹாண்டிலில், வலக்கை சீற்றில். விறகுக்கட்டு வெளியில் தள்ளிக்கொண்டிருப்பதால் கிட்டப் போகேலாது. எட்டிப் பிடித்தால் ஹாண்டிலைத் திருப்பப் பலம் போதாது. சில்லு ஒரு கல்லில் ஏறினால் முழுப் பாரமும் சரிஞ்சு விழும்.

அம்மப்பா கண்ட வழி: ஹாண்டிலின் இடப்பிடியில் ஒரு முழ நீளக் கம்பு. பழைய ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி இறுக்கிக் கட்டினது. கம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, பாரத்துக்கு வெளியில் நடந்தபடி சைக்கிளைத் திருப்பலாம். சீற்றுக்குப் பின்னால் இன்னொரு கம்பு, தள்ளுவதற்கு. இரண்டு வருசத்துக்கு மேல் அந்தக் கம்பு அங்கேயே இருந்தது. ரியூப் தேய்ச்ச இடம்தான் ஐயாவின் பெருவிரலுக்குக் கீழே மினுங்கினது. வளைவு அந்தக் கம்பின் இழுவையால் வந்தது.

இதைக் கேட்டபிறகு வேறொரு விசயத்தை வாசித்தேன், நெஞ்சு ஒருக்கா நிண்டது. 1954 இல் வியட்நாமின் டியன் பியன் பூ சண்டை. பிரெஞ்சுப் படை மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருந்தது. அங்கே பாரமான ஆயுதமும் உணவும் வரவே முடியாது என்று அவர்கள் கணக்குப்போட்டார்கள். வியட்நாமியர் சுமார் 20,000 சைக்கிள்களில் அரிசியும் குண்டுகளும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றிலும் 200 கிலோ, சிலதில் 300 கிலோவுக்கும் மேல். ஒருவரும் ஏறி ஓடவில்லை, தள்ளினார்கள். அதற்காக ஹாண்டிலின் ஒரு பக்கத்தில் மூங்கில் தடி கட்டினார்கள். சீற்றுக்குக் கீழே உள்ள குழாயில் இன்னொரு தடி. அச்சு அசல் அம்மப்பாவின் வேலை.

அம்மப்பா வியட்நாமைப் பற்றி வாசித்தவர் இல்லை. ஒரே பாரம், ஒரே மாதிரிச் சைக்கிள், ஒரே மாதிரி றோட்டு. அப்ப ஒரே விடைதான் வரும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தச் சைக்கிள்கள் இப்போது வியட்நாமின் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. வெற்றி பெற்ற நாட்டின் பொருள் அவை. விறகு தள்ளின சைக்கிளுக்கு அப்படி ஒரு கண்ணாடி இல்லை. அது போர் வீரச் சைக்கிளும் இல்லை. ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட வைத்த சைக்கிள், அவ்வளவுதான். அப்படியானவற்றை ஆர் எழுதுவது?

ரேடியோவும் பாரும்

தள்ளுவது மட்டும் இல்லை. பற்றரி தடையான காலத்தில் சைக்கிள்தான் மின்சாரம். சில்லில் உரசிச் சுத்துகிற டைனமோ ஆறு வோல்ற் தரும். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுத்த, பிபிசி தமிழோசை கேட்டார்கள். இந்தக் காட்சி வடக்கில் அந்தத் தலைமுறையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். டைனமோ தருவது மாறுகிற மின்னோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேர் மின்னோட்டம். அதனால் இடையில் டையோட் போடவேணும். மின்சாரமே இல்லாத ஊரில் பள்ளிக்கூடப் பெடியள் டையோட்டைப் பற்றிப் படிச்சது சோதனைக்காக இல்லை, செய்திக்காக. அம்மாவின் வேலை பெடல் சுத்துவது. வேகம் குறைஞ்சால் செய்தி வாசிப்பவரின் குரல் அமிழ்ந்துபோகுமாம். "முக்கியமான இடத்திலதான் கை உளையும்" எண்டுவா.

பெண்கள் சைக்கிள் ஓடுவதும் இந்தக் காலத்தில் கேள்வி கேட்க முடியாத ஒன்றாகியது. அதே 1991, 92 இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குப் பழக்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள், அந்தப் பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதால் அதுவே நல்லது என்றும் சொன்னார்கள். இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். புதுக்கோட்டையில் அது இயக்கம். வன்னியில் அதற்கு இயக்கம் தேவைப்படவில்லை. ஆம்பிளை இல்லாத வீடுகள் கூடிக்கொண்டு வந்தன, தண்ணிக்கும் நிவாரணத்துக்கும் ஆரோ போகத்தானே வேணும். அம்மா றலியில் முதலில் அரைப்பெடல் அடிச்சுப் பழகினா. பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, ஹாண்டிலில் தொங்கிக்கொண்டு. பிறகு பாருக்கு மேலால் ஏறினா.

2009

2002 இல் சமாதானம் வந்து ஏ9 திறபட்டது. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. அம்மாவுக்கு அப்பா ஒரு லுமாலா லேடீஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். றலி வேலையிலிருந்து ஓய்வு பெற்றது. வவுனியாவில் பெரியம்மா வீட்டில் தோட்ட வேலைக்கு உதவும் என்று அதை லொறியில் அனுப்பிவிட்டார்கள். 2006 ஆவணியில் ஏ9 திரும்ப மூடப்பட்டது. றலி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2009 தை 2 இல் கிளிநொச்சி. தை கடைசியில் முல்லைத்தீவு நகரம். சனம் கிழக்கே கிழக்கே என்று ஒதுங்கினது. லுமாலா எங்களோடு தர்மபுரம் வந்தது, விசுவமடு வந்தது, புதுக்குடியிருப்பு வந்தது. ஒவ்வொரு இடத்திலும் அதில் இருந்த சாமான் குறைஞ்சது. முதலில் கரியரில் அரிசிப் பையும் தையல் மெசினும். பிறகு அரிசியும் தறப்பாளும். கடைசியில் ஹாண்டிலில் ஒரு தண்ணிக் கானும் கரியரில் நானும். வைகாசியில் வட்டுவாகல் பாலத்துக்கு முன்னால் அம்மா அதை ஒரு மரத்தோடு சாத்திவைச்சா. பூட்டிவிட்டுத் திறப்பை எடுத்து இடுப்பில் செருகினா. திறப்பு செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் வரைக்கும் வந்தது.

போர் முடிஞ்ச பிறகு அந்தப் பக்கம் போனவர்கள் முள்ளிவாய்க்கால் பகுதியில் குவிஞ்சு கிடந்த வாகனங்களைப் பார்த்திருப்பார்கள். பஸ், லொறி, உழவு இயந்திரம், எண்ணிக்கை இல்லாத சைக்கிள்கள். வருசக்கணக்காக மழையில் கறள் பிடிச்சுக் கிடந்தன. பிறகு பழைய இரும்பாகப் போயின. ஒவ்வொன்றின் ஹாண்டிலிலும் ஏதோ ஒரு கட்டின அடையாளம் இருந்திருக்கும். கயிறு, ரியூப், சேலைக் கரை. அதை வாசிக்கத் தெரிஞ்சவர்கள் வாசிக்கிறதுக்கு முதலே இரும்பு உருகிப்போனது.

மீளக் குடியேறினவர்களுக்கு இந்திய அரசு 10,000 சைக்கிள்கள் கொடுத்தது. வேறு நிறுவனங்களும் கொடுத்தன. வெறுங்காணியில் தறப்பாள் கூடாரத்துக்கு முன்னால் புத்தம்புதுச் சைக்கிள் நிண்ட காலம் அது. எங்கட றலி பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தது 2011 இல். அம்மப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை.

என்ன செய்தோம்

இனி சைக்கிளுக்கு வருவோம். வளைஞ்ச ஹாண்டிலை அப்படியே வைத்து ஓடுவது ஆபத்து என்று ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். பழைய இரும்பு ஒரு பக்கம் வளைஞ்சு, திரும்ப நிமிர்த்தினால் அந்த இடத்தில் வெடிக்கும். நினைவுக்காக என்று சொல்லி ஓடி, குளக்கட்டில் ஹாண்டில் கையோடு வந்தால் ஆர் பொறுப்பு? ஆகவே மாத்தத்தான் வேணும். கேள்வி, எதற்கு மாத்துவது.

ஹாண்டில் மாத்துவது பழைய சைக்கிளுக்குச் செய்கிற அவமதிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிற மவுண்டன் சைக்கிளே அப்படிப் பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பாரமான பழைய சைக்கிள்களை எடுத்து, மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலையும் பிரேக் பிடியையும் போட்டு, மலையிலிருந்து இறக்கினார்கள். அதிலிருந்து ஒரு தொழிற்துறையே வந்தது. அம்மப்பா கம்பு கட்டினதும் ஒரு ஹாண்டில் மாற்றம்தான். அவர்கள் விளையாட்டுக்கு மாத்தினார்கள், இவர் விறகுக்கு.

உங்கட வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் இருந்து, அதன் ஹாண்டிலை மாத்த யோசித்தால், ஐயாவிடம் நான் கற்ற சில விசயங்கள்:

முதலில் பிரேக்கைப் பாருங்கள். வயர் பிரேக் என்றால் வேலை சுலபம். கம்பி பிரேக் என்றால் அதே வகை ஹாண்டில்தான் தேடவேணும், அல்லது றிம் வரைக்கும் செலவழிக்கவேணும்.

தண்டின் உச்சியில் உள்ள போல்ற்றை முழுக்கக் கழற்றக் கூடாது. சில சுத்துத் தளர்த்தி, மேலே மரக்கட்டை ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டவேணும். உள்ளே இறுக்கிக்கொண்டிருக்கிற ஆப்பு அப்பதான் கீழே விழும். கறள் பிடிச்சிருந்தால் முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பலவந்தமாகத் திருகினால் முன்பக்கக் குழாயே முறுகும்.

வாங்க முதல் தண்டின் தடிப்பை அளவுங்கள். ஆங்கிலேயச் சைக்கிள்களில் பெரும்பாலும் 22.2 மில்லிமீற்றர். கொஞ்சம் மெல்லிசான தண்டு உள்ளே போகும், இறுகாது. அதுதான் கூடாதது. புதுத் தண்டை எவ்வளவு உயர்த்தலாம் என்று கோடு போட்டிருப்பார்கள். கோடு வெளியில் தெரியக் கூடாது.

நாங்கள் அதே வகைப் பழைய ஹாண்டில் ஒன்றைத் தேடினோம். மூன்று வாரம் எடுத்தது. பெற்றோல் தட்டுப்பாட்டால் ஆரும் பழைய சைக்கிளைக் கழிக்கத் தயாரில்லை. கடைசியில் மாங்குளம் பக்கத்தில் ஒருவர், ஃபிரேம் முறிஞ்ச ஒரு ஹம்பரிலிருந்து கழற்றிக் கொடுத்தார். அதிலும் இடப்பிடிக்கு உள்பக்கம் இரும்பு கொஞ்சம் தேஞ்சிருந்தது. ஏன் என்று கேட்டேன். தகப்பன் மீன் யாவாரம் செய்தவராம், பெட்டி கட்டின கயிறு.

ஐயா பழைய ஹாண்டிலைக் கழற்றும்போது அம்மாவும் வந்து நிண்டா. அவ சொன்னதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். எந்தக் காடு, எவ்வளவு பாரம், சந்தியில் என்ன விலை, கம்பு எந்த மரம். கம்பு வீரை மரமாம். இந்தக் கட்டுரையில் உள்ளதில் பாதி அந்தக் கொப்பியில் இருந்து வந்தது. நீங்களும் சாய்ப்புக்குள் கிடக்கிறதை இரும்புக்குக் கொடுக்க முதல், அல்லது புது ஹாண்டில் போட முதல், அதில் தேஞ்ச இடம் எது, ஏன் தேஞ்சது என்று வீட்டில் இருக்கிறவர்களைக் கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். ஐயாவைப் போல வாசிக்கத் தெரிஞ்சவர்கள் குறைஞ்சுகொண்டு வருகிறார்கள்.

பழைய ஹாண்டில் இப்போது சாய்ப்பின் வளையில் தொங்குகிறது. லுமாலாவின் திறப்பையும் அம்மா அதிலேயே கொழுவிவிட்டிருக்கிறா.

புது ஹாண்டில் போட்ட அன்று பின்னேரம் அம்மா றலியில் ஏறி வாய்க்கால் கரை வரைக்கும் உழக்கிப் பார்த்துவிட்டு வந்தா. இறங்கி, சைக்கிளை என்னுடைய கையில் தந்தா.

"முன் பிரேக் இன்னும் பத்தேல்லை. நாளைக்கு ஐயாவிட்டக் கொண்டுபோய்க் காட்டு."